பாலில் தண்ணீர் கலந்தது யார்?

வன்னியில் ஒரு பால் சேகரிப்பு நிலையம். சோழகக் காற்று புழுதியை வாரி இறைத்துக்கொண்டிருந்த ஓர் ஆவணி மாதக் காலை. வேறொரு அலுவலாகச் சென்றிருந்த நான், எதிரே இருந்த தேநீர்க் கடை வாசலில் நின்று அந்தக் காட்சியைக் கண்டேன்.

வரிசையில் நின்ற ஒரு பெண்ணின் பாலில் பால்மானியை மிதக்கவிட்ட இளைஞர், அதை வெளியே எடுத்துத் துடைத்தபடி சொன்னார்: "அக்கா, இண்டைக்கும் பால் நிக்கேல்லை. தண்ணி கூடிப்போச்சு. எடுக்கேலாது."

"என்ரை பிள்ளையளாணை ஒரு சொட்டுத் தண்ணி விடேல்லைத் தம்பி."

பின்னால் நின்றவர்களில் ஒருவர் சிரித்தார். இளைஞர் அடுத்த கலனை இழுத்துக்கொண்டார். ஐந்து லீற்றர் பாலையும் சைக்கிளில் கட்டிக்கொண்டு அந்தப் பெண் வந்த வழியே திரும்பிப் போனார்.

சில நாட்களின் பின்னர், அறிமுகமான கால்நடை வைத்தியர் ஒருவரை அழைத்துக்கொண்டு அவருடைய வீட்டுக்குப் போனேன். வைத்தியர் நான்கு குழிகள் கொண்ட ஒரு பிளாஸ்ரிக் தட்டை எடுத்தார். நான்கு காம்புகளிலிருந்தும் ஒவ்வொரு குழியிலும் சிறிதளவு பாலைப் பீய்ச்சி, ஊதா நிறக் கரைசல் ஒன்றைச் சேர்த்துச் சுழற்றினார். இரண்டு குழிகளில் பால் பாலாகவே இருந்தது. மற்ற இரண்டிலும் முட்டை வெண்கருவைப் போலக் கட்டியாகித் தட்டோடு ஒட்டிக்கொண்டது. மடியில் வீக்கமில்லை. பாலில் திரளில்லை. பசு வழமைபோலத் தின்றுகொண்டு நின்றது. ஆனால் மடியின் பாதி நோயுற்றிருந்தது.

இதில் எனக்கும் ஒரு பங்குண்டு. அந்தப் பசு, வெளிநாட்டில் இயங்கும் ஓர் ஊர்ச் சங்கம் வாழ்வாதார உதவியாக வழங்கியது. மாலை சூட்டிய பசுவின் கயிற்றைப் பிடித்துக்கொண்டு அந்தப் பெண் நிற்கும் படத்தை நான் பணியாற்றிய பத்திரிகையே வெளியிட்டது. நன்கொடையாளர்களின் பெயர்களை ஒரு பிழையுமின்றி அச்சிட்டோம். அந்தப் பசுவுக்குப் பின்னர் என்ன ஆயிற்று என்று ஒருநாளும் கேட்கவில்லை.

ஆகவே இந்தக் கட்டுரை யாருக்கும் உபதேசம் செய்வதற்காக எழுதப்படுவதன்று. நான் சொல்ல வருவது ஒன்றேதான். நம் கிராமங்களில் பால் நீர்த்துப் போகும்போது முதலில் சந்தேகிக்கப்படுவது ஏழை விவசாயியின் கை. முதலில் பார்க்கப்பட வேண்டியதோ பசுவின் மடி. இந்த வரிசையை மாற்றாதவரையில் எத்தனை ஆயிரம் பசுக்களைக் கப்பலில் கொண்டுவந்தாலும், எத்தனை ஆயிரம் பசுக்களைப் புலம்பெயர்ந்தோர் வாங்கிக் கொடுத்தாலும், நாடு பால்மாப் பொதிக்குக் கையேந்தியே நிற்கும்.

பால் ஆண்டு முழுவதும் ஒன்றல்ல

பசும்பாலில் ஏறத்தாழ 87 வீதம் நீர். எஞ்சிய 13 வீதத்துக்குள்தான் கொழுப்பு, புரதம், பாற்சர்க்கரை, கனியுப்புகள் அனைத்தும் அடங்குகின்றன. கொழுப்பு ஒரு கணக்கு, கொழுப்பற்ற திண்மங்கள் இன்னொரு கணக்கு. இந்த இரண்டையும் கொண்டே விவசாயிக்குரிய விலை தீர்மானிக்கப்படுகிறது. குறித்த அளவுக்குக் கீழே போனால் விலை விழும், அல்லது பால் திரும்பும்.

ஆனால் இந்த 13 வீதம் கல்லில் செதுக்கிய எண்ணன்று. இனத்துக்கு இனம் அது மாறும். பிரீசியன் பசுவின் பாலில் மூன்றரை வீதத்தை அண்டி நிற்கும் கொழுப்பு, ஜேர்சிப் பசுவில் ஐந்து வீதத்தைத் தொடும். ஒரே பசுவிலும் கன்றீன்ற மாதத்துக்கு ஏற்ப மாறும். எல்லாவற்றுக்கும் மேலாகப் பருவத்தோடு மாறும்.

பசுவின் முதல் இரைப்பையில் நார்த்தீவனம் நொதிக்கும்போது உண்டாகும் அசற்றிக் அமிலமே பாற்கொழுப்பின் முக்கிய மூலப்பொருள். ஐப்பசி மழைக்குப் பின்னர் வடக்கிலும் கிழக்கிலும் முளைக்கும் இளம்புல்லில் நீர் அதிகம், நார் குறைவு. அதை மேயும் பசு அதிகம் கறக்கும், ஆனால் கொழுப்பு வீதம் இறங்கும். ஆனி தொடக்கம் புரட்டாதி வரையான வரட்சியில் நிலைமை தலைகீழ். புல் கருகிவிடும். வைக்கோலில் நாருண்டு, புரதமும் சக்தியும் இல்லை. கொழுப்பு ஓரளவு தாக்குப்பிடித்தாலும் பாலின் அளவும் புரதமும் சரியும். கொழுப்பற்ற திண்மம் குறைந்து பால்மானி தாழும்.

இதனோடு வெப்பம் சேர்கிறது. கலப்பினப் பசுவின் உடல் 25 பாகை செல்சியசைத் தாண்டியதுமே சிரமப்படத் தொடங்குகிறது. வெப்பநிலையையும் ஈரப்பதனையும் இணைத்துக் கணிக்கும் சுட்டெண் 72 ஐக் கடந்தால் பசு தீவனத்தைக் குறைக்கும் என்பது உலகெங்கும் பாடப்புத்தகத்தில் உள்ள செய்தி. மட்டக்களப்பில் கச்சான் காற்று வீசும் நாட்களில், தகரக் கூரைக் கொட்டிலில் நிற்கும் ஒரு பசுவின் நிலையை யாரும் அளந்து சொல்ல வேண்டியதில்லை. தின்னாத பசுவிடம் திண்மம் எங்கிருந்து வரும்?

மலையகத்தில் நாட்காட்டி வேறு. லயன் காம்பராக்களுக்குப் பின்னால் கொட்டிலில் கட்டிவைத்து, தெருவோரப் புல்லை அறுத்துப் போட்டு வளர்க்கப்படும் பசுக்களுக்கு, வைகாசி தொடங்கிப் பெய்யும் தென்மேல் பருவமழைதான் சோதனைக் காலம். படுக்கும் தரை ஈரம் காய்வதேயில்லை. தை, மாசியில் பனியும் வரட்சியும் வரும்.

இன்னும் இரண்டு நுட்பங்கள் உள்ளன. கறக்கத் தொடங்கும்போது வரும் பாலில் கொழுப்பு மிகக் குறைவு. கடைசியில் வரும் பாலில்தான் கொழுப்புச் செறிவு அதிகம். கன்றுக்கு மிச்சம் விட்டுக் கறக்கும் நம் வழக்கத்தில், கொழுத்த பால் கன்றின் வயிற்றுக்கும் மெலிந்த பால் சேகரிப்பு நிலையத்துக்கும் போகின்றன. இரவின் நீண்ட இடைவெளிக்குப் பின்னர் கறக்கும் காலைப் பாலிலும் மாலைப் பாலைவிடக் கொழுப்பு வீதம் குறைவாக இருப்பதே வழமை. காலையில் மட்டும் பால் எடுக்கும் நிலையத்துக்குப் போவது இந்தக் காலைப் பால்தான். கன்றுக்கு இரங்கியவளும் காலையில் மட்டும் விற்க முடிந்தவளும் கள்வர் பட்டியலில் சேர்க்கப்படுகின்றனர்.

பால்மானி வழங்கும் நீதி

பால்மானி பொய் சொல்லும் கருவியன்று. ஆனால் அது அடர்த்தி என்ற ஒரேயொரு கேள்விக்கு மட்டுமே விடை சொல்லும். 28 க்கும் 32 க்கும் இடையில் நின்றால் நல்ல பால் என்று வைத்துக்கொள்கிறோம். தண்ணீர் சேர்த்தால் அது தாழும், உண்மை. ஆனால் கொழுப்பு தண்ணீரைவிட இலேசானது. ஆகவே கொழுப்பு மிகுந்த பாலிலும் அது தாழும். குறித்த வெப்பநிலைக்கென அளவிடப்பட்ட கருவியைக் கறந்த சூடு ஆறாத பாலில் இட்டாலும் தாழும். கறந்து சில மணி நேரம் கழியும்போது அதே பாலின் அடர்த்தி தானாகவே சற்று உயரும். மறுபுறத்தில், ஆடையை எடுத்துவிட்டு அளவாகத் தண்ணீர் சேர்த்த ஒருவருடைய பாலில் பால்மானி சரியான இடத்திலேயே நிற்கும். அதாவது, விவரம் தெரிந்த கள்வன் தப்புவான். ஒன்றும் அறியாதவள் அகப்படுவாள்.

தண்ணீர் கலந்ததை உறுதியாகக் காட்டும் சோதனை இல்லாமலில்லை. பாலின் உறைநிலையைப் பார்ப்பதே அது. இரத்தத்தின் ஊடுபரவல் அழுத்தத்தோடு பால் எப்போதும் சமநிலையில் இருப்பதால், அது பூச்சியத்துக்கு ஏறத்தாழ அரைப் பாகை கீழேதான் உறையும். பருவம் எதுவாயினும், தீவனம் எதுவாயினும் இது பெரிதாக மாறுவதில்லை. வெளியிலிருந்து தண்ணீர் சேர்ந்தால் உறைநிலை பூச்சியத்தை நோக்கி நகரும்.

இப்போது மடி நோய்க்கு வருவோம். மடியில் அழற்சி ஏற்பட்டால் பாற்சர்க்கரை குறையும். கேசீன் என்ற முதன்மைப் புரதம் குறையும். ஆகவே கொழுப்பற்ற திண்மம் விழும், பால்மானியும் விழும். ஆனால் குறைந்துபோன சர்க்கரையின் இடத்தைக் குருதியிலிருந்து கசியும் சோடியமும் குளோரைட்டும் நிரப்புகின்றன. நோயுற்ற மடியின் பால் சற்றே உப்புக் கரிப்பது இதனால்தான். அந்த உப்பு காரணமாக உறைநிலை அநேகமாக மாறுவதில்லை.

இதன் பொருள் என்ன? திண்மம் குறைந்து உறைநிலையும் மாறியிருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது. திண்மம் குறைந்து உறைநிலை மாறாதிருந்தால் பருவத்தையும் தீவனத்தையும் மடியையும் பார்க்க வேண்டும். விஞ்ஞானம் இவ்வளவு தெளிவாகப் பிரித்துக் காட்டும்போது, ஒரு கண்ணாடிக் குழாயை மட்டும் மிதக்கவிட்டு, ஊரார் முன்னிலையில் ஒரு பெண்ணைக் கள்ளி என்று தீர்ப்பளிக்கும் உரிமையை யார் கொடுத்தது?

கண்ணுக்குத் தெரியாத நோய்

மடி வீங்கி, காம்பு சிவந்து, பால் திரண்டு வந்தால் எவருக்கும் தெரியும். அதற்குப் பல மடங்கு அதிகமாக இருப்பது வெளியே தெரியாத மடியழற்சி. தெரியாதென்பதால் அது தீங்கற்றதன்று. மாதக்கணக்கில் பாலைக் குறைக்கும், மற்றப் பசுக்களுக்குத் தொற்றும். இறுதியில் ஒரு காம்பு வற்றி, மூன்று காம்பு மாடு என்ற பெயரோடு அந்தப் பசு இறைச்சிக்காரனிடம் போகும்.

இந்த நோய்க்கும் பருவத்துக்கும் நேரடியான தொடர்புண்டு. மழைக்காலத்தில் சேற்றிலும் சாணத்திலும் பெருகும் ஈ. கோலை போன்ற பற்றீரியாக்கள், கறந்த பின் படுக்கும் பசுவின் திறந்த காம்புத் துவாரத்தின் வழியே ஏறுகின்றன. அந்தத் துவாரம் மூட அரை மணி முதல் ஒரு மணி நேரம் வரை செல்லும். வரட்சியில் காம்பின் தோல் வெடிக்கும். பச்சைத் தீவனம் இல்லாததால் உடலின் எதிர்ப்புச் சக்தியும் குறையும். அப்போது ஸ்டெபிலோகொக்கஸ் போன்றவை, ஒரு பசுவைக் கறந்த கையோடு அடுத்த பசுவுக்குப் போகின்றன. மழையில் சேறு குற்றவாளி, கோடையில் கை குற்றவாளி. பசுவுக்கு ஓய்வான பருவம் என்று ஒன்றில்லை.

பாலைக் காய்ச்சித்தானே குடிக்கிறோம் என்று சிலர் கேட்கலாம். கொதிக்கும் பாலில் பற்றீரியா சாகும். ஆனால் ஸ்டெபிலோகொக்கஸ் ஏற்கனவே பாலில் விட்டுச்சென்ற நச்சு வெப்பத்தைத் தாங்கும். அதைப் போலவே, சிகிச்சைக்காக மடிக்குள் ஏற்றிய நுண்ணுயிர்க்கொல்லி மருந்தின் எச்சத்தையும் அடுப்பு முற்றாக அழித்துவிடுவதில்லை. சட்டித் தயிருக்குப் பெயர்பெற்ற மட்டக்களப்பில் ஒரு தயிர் வியாபாரியிடம் கேட்டுப்பாருங்கள். உறை ஊற்றியும் தயிர் கட்டாத நாட்களைப் பற்றிச் சொல்வார். கேசீன் குறைந்த பால் இறுகாது. மருந்து கலந்த பாலில் உறைப் பற்றீரியா வாழாது. குழந்தைக்குக் கொடுக்கும் பாலில் எது இருக்கிறது என்பதை நம்மைவிடத் தயிர்ச் சட்டி நன்கறியும்.

மேலை நாடுகள் இதை எப்படிக் கையாண்டன? பாலில் உள்ள உடற்கலங்களை எண்ணத் தொடங்கின. மடியில் தொற்று ஏற்பட்டால் அதை எதிர்க்க வெண்குருதிக் கலங்கள் பாலுக்குள் வரும். ஒரு மில்லிலீற்றரில் ஓர் இலட்சத்துக்கும் குறைவாக இருந்தால் மடி நலமாக உள்ளது. இரண்டு இலட்சத்தைத் தாண்டினால் தொற்றைச் சந்தேகிக்க வேண்டும். ஐரோப்பிய ஒன்றியம் 4 இலட்சத்தையும் அமெரிக்கா 7.5 இலட்சத்தையும் உச்ச வரம்பாக வைத்திருக்கின்றன. அங்கே மடியின் நலம் பால் விற்பனைக்கான நிபந்தனை. இங்கே, நம் கிராமத்துச் சேகரிப்பு நிலையத்தில், அது ஒரு கேள்வியே அன்று. நோயுற்ற மடியிலிருந்து வந்தாலும் திண்மம் சற்றே தப்பிவிட்டால் அந்தப் பாலும் பொதுக் கலனுக்குள் ஊற்றப்படுகிறது. திண்மம் குறைந்தால் பழி விவசாயியின் மீது ஊற்றப்படுகிறது.

கப்பலில் வந்த பசுக்கள்

1977 இல் பொருளாதாரம் திறந்துவிடப்பட்ட பின்னர் மலிந்த இறக்குமதிப் பால்மா, நம் சமையலறையில் பசும்பாலின் இடத்தைப் பிடித்தது. இன்று நாட்டின் பால் தேவையில் பாதியைக்கூட நாட்டுப் பசுக்கள் நிறைவேற்றுவதில்லை. அதன் விலையை 2021 இலும் 2022 இலும் செலுத்தினோம். 2021 ஒக்டோபருக்கு முன்னர் 380 ரூபாவாக இருந்த 400 கிராம் பால்மாப் பொதி, அடுத்த ஆண்டின் நடுப்பகுதியில் ஆயிரம் ரூபாவைக் கடந்தது. கைக்குழந்தையோடு தாய்மார் வரிசையில் நின்றனர். 2022 மே மாதம் தமிழ்நாட்டு அரசு அனுப்பத் தொடங்கிய உதவியில் அரிசியோடும் மருந்தோடும் 500 தொன் பால்மாவும் அறிவிக்கப்பட்டிருந்தது. அந்த உதவிக்கு நன்றி சொல்வோம். ஆனால் பட்டிகளும் பட்டிக்காரரும் நிறைந்த ஒரு மண், குழந்தைக்குப் பாலின்றிக் கடல் கடந்து கையேந்தியது எவ்வளவு பெரிய வெட்கம் என்பதையும் சேர்த்தே சொல்வோம்.

இந்த நிலைமையை மாற்ற ஆட்சியாளர்கள் கண்ட மருந்து என்ன? பசு இறக்குமதி. வெளிநாட்டிலிருந்து 20,000 கறவை இனப் பசுக்களைக் கொண்டுவந்து பண்ணையாளர்களுக்கு வழங்கும் திட்டத்தில் 2017 இல் முதல் 5,000 வந்து இறங்கின. குளிர்நாட்டுப் புல்லுக்கும் காற்றுக்கும் பழகிய இனங்கள் இவை. பல பண்ணைகளில் நோயும் இறப்பும் ஏற்பட்டன. எதிர்பார்த்த பால் வரவில்லை. கடன்பட்ட பண்ணையாளர்கள் தெருவுக்கு வந்தனர். கணக்காய்வாளர் நாயகத்தின் அறிக்கையே திட்டத்தின் குறைகளை எடுத்துரைத்தது.

நாளொன்றுக்கு இருபது லீற்றர் கறக்கும் மரபணுவை வாங்கலாம். அந்த மடியைத் தாங்கும் தீவனத்தையும் நீரையும் நிழலையும் வைத்தியத்தையும் கப்பலில் இறக்கிவிட முடியாது. பெரிய மடிக்கு ஆபத்தும் பெரிது. குடிசைக்குள் யானையைக் கட்டிவிட்டு, குடிசை சரிந்ததற்கு யானையைக் குறைசொல்வது போன்றது இந்தக் கதை.

அதே காலத்தில், இருக்கின்ற பசுக்களுக்கு என்ன செய்யப்பட்டது? மட்டக்களப்பின் மயிலத்தமடு, மாதவனை மேய்ச்சற்தரையைப் பாருங்கள். பெரும்போக விதைப்பு தொடங்கும்போது வயற்பகுதிகளிலிருந்து மாடுகளை அப்புறப்படுத்தி, மழைக்காலம் முழுவதும் அங்கே கொண்டுபோய் மேய்ப்பது காலங்காலமான ஏற்பாடு. அந்தத் தரையில் அத்துமீறிப் பயிர்செய்வதை எதிர்த்து 2023 செப்டெம்பரில் சித்தாண்டியில் பண்ணையாளர்கள் போராட்டம் தொடங்கினர். இதை வெறும் காணிப் பிரச்சினை என்று எழுதுகிறோம். ஆனால் மேய்ச்சற்தரை சுருங்கினால் மாடுகள் சேற்றுப் பட்டிகளில் நெருக்கி அடைபடும். நெருங்கினால் மடி கெடும், பால் நீர்க்கும். காணியைப் பிடுங்குபவனும் பாலில் தண்ணீர் கலக்கிறவனே.

2022 டிசெம்பரில் மாண்டூஸ் புயலோடு வந்த கடுங்குளிரில் வடக்கிலும் கிழக்கிலும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட கால்நடைகள் மாண்டன. மெலிந்து, ஒதுங்க இடமின்றி நின்ற மாடுகளுக்கு ஓர் இரவின் குளிரே போதுமாயிருந்தது. பருவத்தை எதிர்கொள்ள ஆயத்தம் இல்லாத நாட்டில் பருவமே கொலையாளி ஆகிறது.

நம்முடைய பசுக்கள்

அரசாங்கத்தைக் கண்டிப்பது எளிது. இனி, கடல் கடந்து வாழும் நம் உறவுகளிடம் ஒரு சொல்.

2009 இன் பின்னர், கணவனை இழந்த பெண்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் பசு வழங்குவது நம் சங்கங்களின் விருப்பத்துக்குரிய உதவியாயிற்று. நோக்கம் தூயது. உழைத்துச் சேர்த்த பணம். அதை நான் குறைத்துப் பேசவில்லை. ஆனால் பசுவைக் கொடுத்து, படமெடுத்து, அறிக்கையில் ஒட்டியதோடு நம் கடமை முடிந்துவிடுகிறது. தையல் இயந்திரம் ஓய்வெடுக்கும், பசு ஓய்வெடுக்காது. மறுநாள் காலையிலிருந்து அதற்குத் தீவனம் வேண்டும். ஒரு லீற்றர் பாலுக்கு மூன்று நான்கு லீற்றர் குடிநீர் வேண்டும். அடுத்த சோழகத்தில் கிணறு வற்றும்போது அந்தப் பெண் என்ன செய்வார் என்று கேட்ட சங்கம் எத்தனை? காம்பைக் கழுவவும், கறந்தபின் அயடீன் கரைசலில் தோய்க்கவும் யாராவது அவருக்குக் கற்றுக் கொடுத்தார்களா?

பத்துப் பசு கொடுக்கும் பணத்தில் எட்டுப் பசுவைக் கொடுங்கள். மீதிப் பணத்தில் அந்த எட்டுப் பசுக்களுக்கும் ஓராண்டு வைத்திய வருகையும், கால் பரப்புப் புல்லும், சோதனைத் தட்டும் கொடுங்கள். படத்தில் இரண்டு பசு குறையும். மூன்றாம் ஆண்டில் கொட்டிலில் பசு நிற்கும்.

மறுப்பவர்களுக்கு

தண்ணீர் கலப்பவர்களே இல்லையா என்று கேட்பீர்கள். இருக்கிறார்கள். ஆகையால்தான் உண்மையான சோதனை வேண்டும் என்கிறேன். குற்றமற்றவரைத் தண்டிக்கும் முறையில் குற்றவாளிக்கே பாதுகாப்பு.

விவசாயியிடம் குறையே இல்லையா? உண்டு. கழுவாத கையால் கறப்பதும், எச்சிலும் எண்ணெயும் தடவிக் காம்பை உருவுவதும், இரண்டு ஊசியோடு மாடு தேறிவிட்டதென்று மருந்தை நடுவில் நிறுத்துவதும், மருந்துச் சிட்டை விற்கக்கூடாதெனக் குறிக்கும் நாட்களிலும் பாலை விற்பதும் நம் ஊர்களில் நடப்பவை. இவற்றை மறைப்பது விவசாயிக்குச் செய்யும் நன்மையன்று. ஆனால் மருந்து ஏற்றிய மூன்று நான்கு நாள் பாலை ஊற்றிவிடும்படி சொல்கிறவர், அந்த நாட்களில் அந்த வீட்டில் உலை எதனால் ஏறும் என்பதற்கும் விடை வைத்திருக்க வேண்டும்.

ஏழை நாட்டுக்கு இத்தகைய சோதனைகள் கட்டுப்படியாகுமா என்று கேட்பவர்களும் உண்டு. நான் மேலே சொன்ன ஊதாக் கரைசல் சோதனையை அமெரிக்காவின் கலிபோர்னியாவில் 1957 இல் கண்டுபிடித்தார்கள். அதற்கு மின்சாரம் வேண்டாம், ஆய்வுகூடம் வேண்டாம். அந்தக் கரைசலும் கிடைக்காவிட்டால் என்ன செய்வது? பாகிஸ்தானில் பைசலாபாத் வேளாண் பல்கலைக்கழகத்தினர், துணி துவைக்கும் சலவைத்தூளின் 3 வீதக் கரைசலைப் பாலோடு சம அளவில் கலந்தே மடி நோயைக் கண்டறியலாம் என்று காட்டினார்கள். சலவைத்தூள் இல்லாத கிராமம் இலங்கையில் இருக்கிறதா? இல்லாதது பணமன்று, அக்கறை.

பிரித்தானியா 1960 களில் வகுத்த ஐந்து அம்சத் திட்டமும் மந்திரமன்று. கறந்தபின் காம்பைக் கிருமிநாசினியில் தோய்த்தல், பால் வற்றவிடும்போது மடிக்குச் சிகிச்சை, நோய் கண்டதை உடன் கவனித்தல், தீராத நோயுள்ள பசுவை விலக்கல், கறவை இயந்திரத்தைப் பேணல். கையால் கறக்கும் நமக்கு ஐந்தாவதன் இடத்தில் கையைக் கழுவுதல் என்று எழுதிக்கொண்டால் போதும்.

செய்ய வேண்டியவை

ஒன்று: ஒவ்வொரு சேகரிப்பு நிலையத்திலும் நான்கு குழித் தட்டு இருக்க வேண்டும். பால்மானி தாழ்ந்த பாலைத் திருப்பி அனுப்புவதற்கு முன்னர், அந்தப் பசுவின் மடி சோதிக்கப்பட வேண்டும். தண்ணீர் கலந்ததாகக் குற்றம் சாட்டுவதானால் உறைநிலைச் சோதனையின் முடிவோடு சாட்ட வேண்டும்.

இரண்டு: விலைச் சூத்திரம் பருவத்தை அறிய வேண்டும். ஆவணியிலும் ஐப்பசியிலும் ஒரே அளவுகோலால் அளப்பது, கோடையில் வற்றிய குளத்தைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவதற்கு ஒப்பானது. உடற்கலம் குறைந்த பாலுக்கு மேலதிக விலை கொடுத்தால் விவசாயி தானே மடியைக் கவனிப்பார்.

மூன்று: கோடைக்கான தீவனத்தை மழைக்காலத்திலேயே சேமிக்க வேண்டும். கோயம்புத்தூர் வேளாண் பல்கலைக்கழகம் உருவாக்கிய கோ 3 புல் நம் நாட்டில் ஏற்கனவே வேரூன்றிவிட்டது. வேலியில் சீமைக்கிளுவை நிற்கிறது. மிகுந்த புல்லை வெட்டிக் காற்றுப் புகாமல் அடைத்து ஊறுபுல் ஆக்கும் வித்தைக்கு ஒரு பிளாஸ்ரிக் பீப்பா போதும்.

நான்கு: கால்நடைத் துறை 13 ஆவது திருத்தத்தின் கீழ் மாகாணங்களுக்குரியது. 2017 இல் கிழக்கு மாகாண சபையினதும் 2018 இல் வடக்கு மாகாண சபையினதும் காலம் முடிந்த பின்னர் அங்கே மக்களுக்குப் பதில் சொல்லும் சபை எதுவும் இயங்கவில்லை. ஒரு கால்நடை வைத்தியருக்கு எத்தனை கிராமங்கள் என்று கேட்க ஒரு மன்றம் வேண்டும். தேர்தலைக் கேட்கும் தலைவர்கள், எதற்காகக் கேட்கிறோம் என்ற பட்டியலில் மாட்டின் மடியையும் சேர்த்துக்கொள்ளட்டும். அவர்களுக்கு வாக்களிப்பவர்களில் பால்காரரும் உண்டு.

அந்தப் பெண்ணின் கதையை முடிக்காமல் விட்டால் வாசகர்கள் கேட்பார்கள். வைத்தியர் ஒரு வாரம் சிகிச்சை அளித்தார். ஒரு காம்பு தேறியது. மற்றது தேறவில்லை. மார்கழியில் நான் மீண்டும் போனபோது, பசு மூன்று காம்பில் கறந்துகொண்டிருந்தது. பால் நிலையத்தில் நின்றது. "இப்ப ஒருத்தரும் ஒண்டும் சொல்லுறேல்லை ஐயா" என்றார். சற்றுப் பொறுத்து, "அண்டைக்குச் சிரிச்ச ஆளின்ரை மாட்டுக்கும் இப்ப பால் குறைஞ்சு போச்சாம். உந்தத் தட்டு எங்க வாங்கலாம் எண்டு என்னட்டைக் கேட்டவர்" என்றார்.

அன்று அவரிடம் ஐந்து லீற்றர் பாலுக்குரிய பணம் மட்டும் பறிக்கப்படவில்லை. ஊரார் நடுவில் அவருடைய சொல்லும் பறிக்கப்பட்டது. பணத்தை அடுத்த கறவையில் தேடிக்கொள்ளலாம். பிள்ளைகள் மீது ஆணையிட்டும் நம்பப்படாத அந்தச் சொல்லை அவருக்கு யார் திருப்பிக் கொடுப்பது? அந்த நிலையமும் கொடுக்கவில்லை. மாலை போட்ட படத்தை வெளியிட்ட நாங்களும் கொடுக்கவில்லை.